பழைய தனி வீட்டை வாங்கிப் புதுப்பிக்க நினைப்பவர்களுக்கு

சென்னையிலும் தமிழ்நாட்டின் பிற நகரங்களிலும் முப்பது, நாற்பது ஆண்டுப் பழைய தனி வீடுகள் தொடர்ந்து விற்பனைக்கு வருகின்றன. பெற்றோர் காலமாகியிருப்பார்கள், பிள்ளைகள் வெளிநாட்டிலோ வேறு ஊரிலோ நிலைபெற்றிருப்பார்கள், பூட்டிக் கிடக்கும் வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் விற்றுவிடலாம் என்று முடிவெடுப்பார்கள். அத்தகைய வீட்டை வாங்கிப் பழுதுபார்த்து வாடகைக்கு விடவோ மறுபடியும் விற்கவோ நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இந்த வேலையில் நான் கண்ட நட்டங்களில் பெரும்பாலானவை முன்பணம் கொடுத்த அன்றே உறுதியாகிவிட்டவை. அதற்குப் பிறகு எவ்வளவு சிக்கனமாகப் புதுப்பித்தாலும் அவற்றை ஈடுகட்ட முடியவில்லை. ஆகவே, பணம் கைமாறுவதற்கு முன் செய்ய வேண்டியவற்றைப் பற்றியே இங்கு அதிகம் சொல்லப் போகிறேன்.

முதலில் கணக்கு

ஒரு வீட்டின் விலை 80 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். ஆக 7,20,000 ரூபாய். அரசு நிர்ணயித்திருக்கும் வழிகாட்டி மதிப்பின்படி கணக்கிடும் தொகை பேசிய விலையைவிட அதிகமாக இருந்தால், அந்த அதிகத் தொகைக்கே கட்டணம் செலுத்த வேண்டியிருக்கும். தரகருக்கு ஒரு சதவீதம் என்றால் 80,000 ரூபாய், வழக்கறிஞருக்கும் பொறியாளருக்குமாக 50,000 ரூபாய். புதுப்பிக்கும் வேலைக்கு 12 லட்சம் என்று மதிப்பிட்டால், பழைய வீட்டில் சுவரை உடைத்த பிறகு தெரியவரும் கோளாறுகளுக்காக அதில் ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 2,40,000 ரூபாயைத் தனியே ஒதுக்கியாக வேண்டும். 60 லட்சம் கடன் வாங்கியிருந்தால், 9 சதவீத வட்டியில் மாதம் 45,000 ரூபாய் வட்டி மட்டுமே ஆகும். வாங்கிய நாளிலிருந்து குடிவைக்கும் நாள் வரை எட்டு மாதம் பிடித்தால் அது 3,60,000 ரூபாய். எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு கோடியே ஆறரை லட்சம் ஆகிறது. 80 லட்சத்துக்கு வாங்கி 12 லட்சம் செலவழித்து ஒரு கோடிக்கு விற்றால் எட்டு லட்சம் மிஞ்சும் என்று மனக்கணக்குப் போடுகிறவர், உண்மையில் ஆறரை லட்சத்தை இழக்கிறார்.

வாடகைக்கு விட்டாலும் இதே கதைதான். மேற்சொன்ன வீட்டுக்கு மாதம் 25,000 ரூபாய் வாடகை கிடைத்தால், போட்ட முதலுக்கு ஆண்டுக்கு 3 சதவீதம்கூடத் தேறவில்லை. கடன் வட்டியோ அதைப்போல மூன்று மடங்கு. எனவே வாடகை வருமானத்தை மட்டும் நம்பி நம் நகரங்களில் வீடு வாங்குவது சரிப்படாது. பழைய தனி வீட்டில் விலை ஏறுவது மனைக்குத்தான், கட்டடத்தின் மதிப்போ ஆண்டுக்காண்டு குறைந்துகொண்டே போகிறது. விலை பேசும்போது மனையின் சந்தை விலையை முதலில் தனியாகக் கண்டுபிடியுங்கள். அதே தெருவில் கடந்த ஓராண்டில் கைமாறிய மனைகள் கிரவுண்டு (2,400 சதுர அடி) என்ன விலைக்குப் போயின என்பதை இரண்டு தரகர்களிடமாவது விசாரியுங்கள். கட்டடத்துக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதைப் பொறியாளர் பார்த்துச் சொன்ன பிறகு முடிவு செய்யலாம். தேக்குக் கதவும் முற்றமும் மனத்தைக் கவர்ந்துவிட்டதால் கட்டடத்துக்கு இருபது லட்சம் கூடுதலாகக் கொடுத்துவிட்டு, பிறகு தளத்தையே இடித்துக் கட்ட நேர்ந்தவர்களை எனக்குத் தெரியும்.

விலையில் ஒரு பகுதியை ரொக்கமாகக் கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அசையாச் சொத்துப் பரிவர்த்தனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடை செய்கிறது. மீறிப் பெறுகிறவருக்குப் பெற்ற தொகைக்குச் சமமான அபராதம் விதிக்கப்படலாம். அது விற்பவரின் தலைவலிதானே என்று நினைத்துவிட வேண்டாம். பத்திரத்தில் விலை குறைத்துக் காட்டப்பட்டால், நாளை நீங்கள் விற்கும்போது அந்த வித்தியாசம் முழுவதும் உங்கள் ஆதாயமாகக் கணக்கிடப்பட்டு அதற்கும் நீங்களே வரி கட்ட வேண்டியிருக்கும். முழுத்தொகையும் வங்கி வழியாகத்தான் என்பதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பத்திரங்கள்

வில்லங்கச் சான்றை, அதாவது சொத்தின்மேல் பதிவான கிரயம், அடமானம் முதலியவற்றின் பட்டியலை, பதிவுத்துறையின் இணையதளத்தில் 1975ஆம் ஆண்டிலிருந்து பார்த்துக்கொள்ளலாம். அதற்கு முந்தைய காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப்போட்டு வாங்க வேண்டும். முப்பது ஆண்டுகளுக்குப் பார்த்தால் போதும் என்பது வழக்கமாக இருந்தாலும், பழைய வீட்டைப் பொறுத்தவரை தாய்ப்பத்திரம் (சொத்தின் பழைய மூலப் பத்திரம்) எந்த ஆண்டுக்குப் போகிறதோ அதுவரை பின்னோக்கிப் பார்ப்பதே பாதுகாப்பு. சான்றை வாங்கியதும் ‘வில்லங்கம் இல்லை’ என்று நிம்மதியடைந்துவிடாமல், அதில் உள்ள ஒவ்வொரு பதிவையும் கையில் உள்ள பத்திரங்களோடு வரிசையாக ஒப்பிட வேண்டும். அடமானம் பதிவாகி, அதைத் தீர்த்ததற்கான ரசீது பதிவாகாமல் இருப்பது அடிக்கடி காணப்படும் குறை. கடன் என்றோ அடைந்திருக்கும், ஆனால் ரசீது ஆவணம் பதியாமல் விட்டிருப்பார்கள். விற்பவர் வங்கியிடமிருந்து அதைப் பெற்றுப் பதிந்து தரும்வரை காத்திருக்க வேண்டும்.

வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்கள் மட்டுமே இருக்கும் என்பதை மறக்கக் கூடாது. பதியாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, நீதிமன்றத்தில் நிலுவையில் இருக்கும் வழக்கு, வாரிசுகளின் பங்கு ஆகியவை அதில் தெரியாமல் போகலாம். விற்பவரின் பெயரையும் அவருக்கு முந்தைய உரிமையாளரின் பெயரையும் நீதிமன்ற இணையதளத்தில் தேடிப் பார்ப்பதற்கு அரைமணி நேரம்தான் ஆகும்.

வாரிசு விஷயத்தில்தான் பெரிய இடர்ப்பாடு இருக்கிறது. தாம்பரம் பக்கத்தில் ஒரு வீட்டுக்கு நான் விலை பேசினேன். மூன்று சகோதரர்கள் விற்றார்கள். வாரிசுச் சான்றின் நகலைக் காட்டினார்கள். மூவரும் கையெழுத்திடத் தயாராக இருந்தார்கள். கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த பழைய குடும்பப் புகைப்படத்தில் தாவணி அணிந்த ஒரு பெண் நின்றிருந்ததை என்னுடன் வந்த வழக்கறிஞர் கவனித்து, யார் என்று கேட்டார். தங்கை, 1994இல் கல்யாணமாகிப் போய்விட்டாள், சீர்வரிசை எல்லாம் செய்தாயிற்று என்றார் மூத்தவர். அந்தத் தங்கையின் பெயர் வாரிசுச் சான்றில் இல்லை. தந்தை சுயமாகச் சம்பாதித்து, உயில் எழுதாமல் இறந்த சொத்தில் 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்குச் சம பங்கு உண்டு. பூர்வீகச் சொத்தாக இருந்தாலும், 1989 மார்ச் 25க்கு முன் மணமாகாத மகளுக்குத் தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் பங்கு கொடுத்தது. 2005இல் மத்தியச் சட்டம் எல்லா மகள்களுக்கும் அதை விரிவாக்கியது. 2005இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. சீர்வரிசை செய்ததால் பங்கு போய்விடுவதில்லை. அந்தப் பெண் தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தந்தாலோ கிரயத்தில் தானும் கையெழுத்திட்டாலோ வாங்குகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதன்பின் அவர்களிடமிருந்து தகவல் ஏதும் வரவில்லை. வழக்கறிஞருக்குக் கொடுத்த ஐயாயிரம் ரூபாயை நான் ஒருநாளும் செலவாக நினைத்ததில்லை.

வாரிசுகளில் பதினெட்டு வயது நிரம்பாதவர் இருந்தால் அவருடைய பங்கை விற்க நீதிமன்ற அனுமதி தேவை. வெளிநாட்டில் இருப்பவர் தன் சார்பில் விற்க வேறொருவருக்குப் பவர் (அதிகாரப் பத்திரம்) கொடுத்திருந்தால், அந்த ஆவணம் இந்தியாவுக்கு வந்த மூன்று மாதங்களுக்குள் உரிய முத்திரைத்தீர்வை செலுத்தப்பட்டதா என்பதையும், அதை எழுதிக் கொடுத்தவர் இப்போது உயிருடன் இருக்கிறாரா என்பதையும் உறுதி செய்துகொள்ள வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் வரிப் பிடித்தத்தின் விதியும் மாறுகிறது. உள்நாட்டில் குடியிருப்பவரிடம் 50 லட்சமோ அதற்கு மேலோ கொடுத்து வாங்கும்போது ஒரு சதவீதம் பிடித்து அரசுக்குச் செலுத்துகிறோம். வெளிநாட்டில் குடியிருப்பவருக்கு அந்த 50 லட்ச வரம்பும் கிடையாது, ஒரு சதவீதமும் போதாது. பிடிக்கத் தவறினால் பொறுப்பு வாங்கியவர்மேல் விழும் என்பதால், பத்திரத்துக்கு முன்பே ஒரு பட்டயக் கணக்காளரிடம் விகிதத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்தது அளவு. பத்திரத்தில் ஓர் அளவும், பட்டாவிலோ நகர நில அளவைப் பதிவேட்டிலோ மற்றோர் அளவும், டேப் பிடித்து அளந்தால் மூன்றாவது ஓர் அளவும் வருவது பழைய வீடுகளில் சாதாரணம். பக்கத்து வீட்டுக்காரர் மதிலை ஓரடி தள்ளிக் கட்டியிருப்பார், அல்லது முன்பக்கம் சாலை விரிவாக்கத்துக்குப் போயிருக்கும். உரிமம் பெற்ற சர்வேயரை வைத்து அளந்து, மூன்றில் எது குறைவோ அதற்கு மட்டும் விலை கொடுப்பதை நான் விதியாக வைத்திருக்கிறேன். மயிலாப்பூர், திருவல்லிக்கேணி போன்ற பழைய கோயில் பகுதிகளில் கட்டடம் மட்டும் விற்பவருக்குச் சொந்தமாகவும் மனை கோயிலுக்குச் சொந்தமாகவும் இருக்கலாம் என்பதால், மனையின் உரிமை யாருடையது என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும். புறநகர்களில் அங்கீகாரமில்லாத மனைப்பிரிவில் கட்டிய வீடுகள் ஏராளம். 2016 அக்டோபர் 20ஆம் தேதி வரை பதிவான மனைகளுக்கு, அவற்றை முறைப்படுத்தி அங்கீகரிக்கும் வரன்முறைத் திட்டம் இருந்தது, அதன்படி பெற்ற உத்தரவு கையில் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டட அனுமதி வரைபடத்தையும் கேளுங்கள். தரைத்தளத்துக்கு மட்டும் அனுமதி வாங்கிவிட்டு மாடியும் கட்டியிருந்தால், வங்கி மாடிக்கு மதிப்புப் போடத் தயங்கும். நாளை உங்களிடம் வாங்குபவரின் வங்கியும் அதையே செய்யும்.

எல்லாம் சரியாக இருந்தால் விற்பனை ஒப்பந்தம் போடலாம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் விற்பனை ஒப்பந்தத்தையும் கட்டாயம் பதிவு செய்தாக வேண்டும். இருபது ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி வைத்துக்கொள்வது போதாது. வீட்டில் வாடகைதாரர் இருந்தால், அவர் காலி செய்து சாவி கைக்கு வந்த பிறகே மீதித்தொகை என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

வங்கி ஏலத்துக்கு வரும் வீடுகளைப் பற்றிச் சிலர் ஆசையோடு கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கடன் பாக்கிக்காக அடமானச் சொத்தை வங்கியே விற்க வழிசெய்யும் 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி நடக்கும் ஏலத்தில் வீடு ‘உள்ளது உள்ளபடி’ விற்கப்படுகிறது. ஏலம் எடுத்தவுடன் முன்வைப்புத் தொகையையும் சேர்த்து 25 சதவீதமும், விற்பனை உறுதியான பின் பதினைந்து நாளுக்குள் மீதியும் கட்ட வேண்டும். கட்டத் தவறினால் செலுத்திய பணம் போய்விடும். வங்கி கையகப்படுத்தியிருப்பது காகித அளவில்தானா, சாவியோடா என்பதை அறியாமல் ஏலம் கேட்கக் கூடாது. உள்ளே ஆள் குடியிருக்கும் வீட்டை வாங்கினால் அவரை வெளியேற்றும் காலம் முழுவதும் உங்கள் பணத்துக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும். முதல் வீட்டுக்கு இந்த வழி வேண்டாம் என்பது என் அழுத்தமான கருத்து.

வீட்டைப் பார்க்கும் முறை

முடிந்தால் வீட்டை ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை பாருங்கள். கோடையில் எந்தத் தளமும் ஒழுகாது, எந்தச் சுவரும் ஓதம் காட்டாது, எந்தத் தெருவிலும் தண்ணீர் நிற்காது. வறண்ட காலத்தில் பார்க்க நேர்ந்தால் அக்கம்பக்கத்தில் விசாரிப்பதுதான் வழி. தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரிடம், 2015 டிசம்பரில் தண்ணீர் எதுவரை வந்தது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எத்தனை நாள் நின்றது என்று கேளுங்கள். அவருக்கு விற்கவும் வாங்கவும் ஒன்றுமில்லை என்பதால் உள்ளதைச் சொல்வார். வீட்டுக்குள் பீரோவையோ கட்டிலையோ சற்று நகர்த்திப் பார்த்தால், வெள்ளம் நின்ற உயரத்தில் பழுப்பு நிறக் கோடு ஒன்று தெரியலாம்; முன்பக்கச் சுவர்களுக்கு வண்ணம் பூசியவர்கள் பீரோவின் பின்புறத்தை விட்டுவிடுவார்கள்.

வாசலில் நின்று சாலை மட்டத்தையும் வீட்டின் தரை மட்டத்தையும் ஒப்பிடுங்கள். சுரண்டாமல் மேலே மேலே சாலை போட்டதால், முன்பு மூன்று படி ஏறிப் போன வீடுகளுக்கு இன்று ஒரு படி இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. ஜாக்கி வைத்து வீட்டை மூன்று, நான்கு அடி தூக்கும் ஒப்பந்ததாரர்கள் சென்னையில் இருக்கிறார்கள். செய்யக்கூடிய வேலைதான் என்றாலும், தூக்கிய பிறகு தரை, கழிவுநீர்க் குழாய், படிக்கட்டு, மதில் எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டும். அந்தச் செலவு முழுவதையும் விலையில் குறைக்க முடியாவிட்டால் விட்டுவிடுவதே நல்லது.

அடுத்துத் தளம். 1970களுக்குப் பின் கட்டிய வீடுகளில் பெரும்பாலும் ஆர்.சி.சி., அதாவது உள்ளே இரும்புக் கம்பி வைத்த கான்கிரீட் தளம் இருக்கும். கம்பியில் துரு ஏறினால் அது இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு, அடியில் உள்ள கான்கிரீட்டைத் தள்ளிப் பெயர்த்துவிடும். பெசன்ட் நகர், திருவான்மியூர், எண்ணூர் போன்ற கடலோரங்களில் உப்புக் காற்றால் இது விரைவாக நடக்கிறது. சிறு சுத்தியலால் கூரையின் அடிப்பக்கத்தை அறைக்கு இருபது இடத்திலாவது தட்டிப் பார்க்க வேண்டும். கெட்டியான இடத்தில் ‘டங்’ என்ற ஒலியும், பூச்சு விலகி நிற்கும் இடத்தில் ‘பொத்’ என்ற உள்ளீடற்ற ஒலியும் வரும். பழைய வீட்டில் புத்தம்புதிய ஃபால்ஸ் சீலிங் இருந்தால் எனக்கு உடனே சந்தேகம் வரும். நங்கநல்லூரில் ஒரு வீட்டின் படுக்கையறையில், விளக்குக்காக வெட்டியிருந்த வட்டத் துளையிலிருந்து விளக்கைக் கழற்றிவிட்டு டார்ச் அடித்துப் பார்த்தோம். மேலே கான்கிரீட் பெயர்ந்து, கம்பிகள் செம்பழுப்பாய் உரிந்து தொங்கின. பெயர்ந்த துண்டுகள் சீலிங் பலகையின்மேலேயே கிடந்தன. விற்றவர் அதை மறைக்கச் செய்தாரா, தூசு விழுகிறதே என்று செய்தாரா என்பதை நான் ஆராயவில்லை. பொறியாளர் அந்த அறையின் தளத்தை முழுவதும் மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார், அந்தத் தொகை விலையில் குறைந்தது.

அதற்கும் முந்தைய வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் இருக்கும். தேக்கு உத்திரங்களுக்குமேல் மெல்லிய செங்கற்களைச் சாய்வாக, குத்துக்கல்லாகச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லிக் கான்கிரீட் போட்டு இடித்து, தட்டோடு பதித்த தளம் அது. அது பழையது என்பதற்காக இடிக்க வேண்டியதில்லை. உத்திரங்கள் சுவருக்குள் நுழையும் முனைகள்தான் முதலில் உளுத்துப்போகும்; அந்த இடத்தில் ஒரு ஸ்க்ரூடிரைவரை அழுத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் அந்த உத்திரத்தை மாற்ற வேண்டும், இறங்காவிட்டால் அது இன்னும் பல்லாண்டு தாங்கும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய சுவரில் சிமென்ட் பூச்சுப் பூசுவது பெரிய தவறு. சுண்ணாம்பு வழியே வெளியேறிக்கொண்டிருந்த ஈரத்தைச் சிமென்ட் உள்ளே அடைத்துவிடுவதால், ஓதம் இன்னும் உயரத்துக்கு ஏறும். இரண்டு மழைக்குள் பூச்சு பொரிந்து உதிரும். அத்தகைய சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சே பூச வேண்டும், அதைத் தெரிந்த கொத்தனார்கள் குறைவாக இருந்தாலும் தேடினால் கிடைப்பார்கள்.

கரையான், கழிவுநீர் இணைப்பு, ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு, மின்இணைப்பு ஒரு முனையா மும்முனையா என்பவற்றை ஒரே நாளில் பார்த்துவிடலாம். கழிவறையில் தொடர்ந்து பத்து வாளி தண்ணீர் ஊற்றி, வெளித்தொட்டியில் அது தங்குகிறதா என்று பார்ப்பது எளிய சோதனை.

வேலையின் வரிசை

பணத்தை வீணாக்குவது பெரும்பாலும் வரிசை மாறிச் செய்யும் வேலை. டைல்ஸ் ஒட்டிய பிறகு குழாய்க்காக உடைப்பதும், வண்ணம் பூசிய பிறகு தளம் ஒழுகுவதைக் கண்டுபிடிப்பதும் அதனால்தான் நேர்கின்றன. உடைக்க வேண்டியவற்றை எல்லாம் முதலில் உடைத்துவிடுங்கள். பிறகு தளமும் தூண்களும், அதன்பின் மொட்டைமாடியின் நீர்க்கசிவுத் தடுப்பு, அடுத்துக் கரையான் மருந்து, சுவருக்குள் போகும் குழாயும் வயரும், பூச்சு, தரை, மரவேலை, கடைசியாக வண்ணம் என்ற வரிசையை மீறாமல் இருந்தால் ஒரே வேலைக்கு இருமுறை கூலி கொடுக்க நேராது.

துருப்பிடித்த கம்பியைச் சரிசெய்யும்போது, தளர்ந்த கான்கிரீட்டை முழுவதும் தட்டியெடுத்து, கம்பியைச் சுற்றிலும் வெளிப்படுத்தி, உலோகம் பளிச்சிடும்வரை கம்பித் தூரிகையால் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சும் இணைப்புப் பூச்சும் கொடுத்து, பாலிமர் கலந்த சாந்தால் நிரப்ப வேண்டும். வெறும் சிமென்டை அப்பி மூடிவிடலாம் என்று சொல்லும் மேஸ்திரியை அன்றே நிறுத்திவிடுங்கள். உள்ளே துரு வளர்ந்துகொண்டே இருக்கும், குடியிருப்பவரின் தலைமேல்தான் அது விழும். இந்த ஒரு விஷயத்தில் சிக்கனம் பார்ப்பதை என்னால் ஏற்க முடியாது.

மொட்டைமாடி வேலையைத் தை முதல் வைகாசிக்குள் முடித்துவிட வேண்டும். வேலை முடிந்ததும் வடிகுழாயை அடைத்து, இரண்டு நாள் தண்ணீர் தேக்கி வைத்து, கீழே ஈரம் இறங்குகிறதா என்று பார்த்த பிறகே மேல் ஓடு பதிக்க அனுமதியுங்கள். குளியலறைத் தரைக்கும் இதே சோதனை வேண்டும். புதிய கான்கிரீட்டுக்குச் சாதாரண சிமென்ட் என்றால் குறைந்தது ஏழு நாளும், இன்று கடைகளில் அதிகம் கிடைக்கும் பி.பி.சி. (சாம்பல் கலந்த) சிமென்ட் என்றால் பத்து நாளும் தண்ணீர் விட வேண்டும். காலையும் மாலையும் தண்ணீர் விட ஓர் ஆளைத் தனியே நியமித்து, அவருக்குக் கூலி கொடுத்துவிடுவது உத்தமம்.

மின்வயரிங்கைப் பொறுத்தவரை அரைகுறை வேலை கூடாது. பழைய அலுமினிய வயரும் எர்த் இல்லாத இருகம்பி இணைப்பும் இருந்தால் முழுவதையும் மாற்றுங்கள். விளக்குக்கு 1.5, பிளக் பாயின்ட்டுக்கு 2.5, ஏ.சி.க்கும் கீசருக்கும் 4 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர் போட்டு, மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்துங்கள். குடியிருப்பவர் குழந்தையோடு இருப்பார் என்பதை நினைத்துக்கொண்டால் அந்தச் சில ஆயிரம் ரூபாய் பெரிதாகத் தெரியாது.

அலங்காரத்தில் கையை இறுக்கிக்கொள்ளலாம். வாடகைக்கு வருபவர்கள் தண்ணீர் வசதி, குளியலறை, சமையலறை, வண்டி நிறுத்துமிடம் ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். விலையுயர்ந்த மாடுலர் அலமாரிக்காக வாடகையைக் கூட்டித் தருபவர்கள் குறைவு. சிவப்பு ஆக்சைடு தரையும் ஆத்தங்குடிக் கற்களும் நல்ல நிலையில் இருந்தால் தயவுசெய்து உடைக்க வேண்டாம். தேய்த்து மெழுகிட்டால் அவை புதிய டைல்ஸைவிடக் குறைந்த செலவில் ஒளிரும், அவற்றைப் போன்ற தரையைப் போடத் தெரிந்த கைகளும் இப்போது அருகிவிட்டன. பழைய தேக்குக் கதவையும் ஜன்னலையும் ஆசாரியிடம் கொடுத்து இழைத்துப் பூட்டு மட்டும் மாற்றினாலே போதும்.

மேஸ்திரியிடம் மொத்தமாக ஒரு தொகை பேசிவிட்டு நம்பி இருப்பதைவிட, ஒவ்வொரு வேலையையும் சதுர அடிக்கு இன்ன விலை, இன்ன கம்பெனிப் பொருள் என்று எழுதி இருவரும் கையெழுத்திடுவது நல்லது. சனிக்கிழமைக் கூலியைத் தாமதிக்காமல் கொடுங்கள். சித்தாள் வேலை செய்யும் பெண்களுக்குத் தொகை முழுவதும் போய்ச் சேர்கிறதா என்பதையும் கவனியுங்கள். கூலி ஒழுங்காகக் கிடைக்கும் இடத்துக்குத்தான் நல்ல கொத்தனார் மறுபடியும் வருவார். பொருள்களுக்கெல்லாம் ஜி.எஸ்.டி. ரசீது வாங்கி ஒரே கோப்பில் வையுங்கள். பின்னாளில் விற்கும்போது, கட்டடத்தை மேம்படுத்திய செலவை ஆதாயத்திலிருந்து கழித்துக்கொள்ள ரசீது இல்லாமல் முடியாது.

குடிவைப்பதும் விற்பதும்

ஆடியிலும் மார்கழியிலும் பெரும்பாலோர் வீடு மாற மாட்டார்கள். வேலை ஆனி இறுதியில் முடிந்தால் ஆவணி வரையிலும், கார்த்திகை இறுதியில் முடிந்தால் தை வரையிலும் வீடு காலியாகக் கிடக்கும் என்று கணக்கிட்டுத் திட்டமிடுங்கள். இதே வழக்கம் வாங்கும்போது உதவும். ஆடியில் போட்டி குறைவாக இருப்பதால் விற்பவர் விலையில் இறங்கி வருவார், பத்திரத்தை ஆவணியில் வைத்துக்கொள்ளலாம். வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி வாடகை அதிகாரியிடம் பதிந்துகொள்ளுங்கள். பத்து மாத அட்வான்ஸ் கேட்கும் பழைய வழக்கத்தை விட்டுவிட்டு மூன்று மாதத்தோடு நிறுத்திக்கொண்டால் நல்ல குடித்தனக்காரர் விரைவில் கிடைப்பார்.

விற்பதாக இருந்தால் 24 மாதத்தைக் கடந்து விற்பதற்கும் அதற்குமுன் விற்பதற்கும் வரியில் பெரிய வேறுபாடு உண்டு. இப்போது வாங்கும் வீட்டை 24 மாதத்துக்குப் பின் விற்றால் நீண்டகால ஆதாயத்துக்கு 12.5 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும்தான். அதற்குமுன் விற்றால் உங்கள் வருமான அடுக்கின் விகிதம், அது 30 சதவீதமாகவும் இருக்கலாம். ஆண்டுதோறும் வாங்கி விற்பவருக்கு அது வியாபார வருமானமாகவே கருதப்படலாம்.

பத்திரம் பதிந்த கையோடு பட்டா, சொத்து வரி, குடிநீர் இணைப்பு, மின்இணைப்பு நான்கையும் உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள். மேஸ்திரிக்குத் தர வேண்டிய தொகையில் பத்தில் ஒரு பங்கை, முதல் வடகிழக்குப் பருவமழை முடியும்வரை நிறுத்தி வைப்பதாக முன்பே பேசி எழுதிக்கொள்ள வேண்டும். கார்த்திகையில் இரண்டு நாள் விடாமல் பெய்த மழைக்கு மறுநாள் காலை அவரையும் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போய், வடிகுழாய் வாயில் தண்ணீர் தேங்குகிறதா என்று பாருங்கள். கீழே வந்து ஒவ்வொரு அறையின் மூலையையும் கையால் தொட்டுப் பாருங்கள். உலர்ந்திருந்தால் மீதிப் பணத்தை அங்கேயே கொடுத்துவிடுங்கள்.